மாட்டுவண்டிக்கு வந்த மன்னர்கள்

கி.மு. 202-ல் லியு பாங் ஹான் வம்சத்தின் முதல் பேரரசராக அமர்ந்தபோது, தேரில் பூட்ட ஒரே நிறத்தில் நான்கு குதிரைகள் அவருக்குக் கிடைக்கவில்லை. தளபதிகளும் அமைச்சர்களும் மாட்டுவண்டியில் போனார்கள். ஏழெட்டு ஆண்டுப் போர் நாட்டை அவ்வளவு வற்றடித்திருந்தது. எழுபது ஆண்டு கழித்து நிலைமை தலைகீழ். கருவூலத்தில் காசு கோத்த கயிறே இற்றுப்போகும் அளவுக்குப் பணம் குவிந்து கிடந்தது, தெருவெங்கும் குதிரைகள். ஆனால் அந்தச் செழிப்பான காலத்திலும் மாட்டுவண்டியில் போனவர்கள் இருந்தார்கள். அவர்கள் மன்னர்கள். லியு பாங்கின் சொந்த வாரிசுகள்.

இரண்டு காட்சிகளையும் எழுதி வைத்தவர் ஒருவர்தான், வரலாற்றாசிரியர் சிமா சியென். தன் பெருநூலில் வேறு வேறு இடங்களில், பெரிதாக அலட்டிக்கொள்ளாமல், ஓரிரு வரிகளில் சொல்லிவிட்டுப் போகிறார். இந்த இரண்டு மாட்டுவண்டிகளுக்கும் இடையில் நடந்ததில் போரின் பங்கு குறைவு. மூன்று மாதச் சண்டை ஒன்றைக் கழித்துவிட்டால், மீதி வேலையைச் செய்தவை சட்டங்கள். அதுவும் பெரிய பிரகடனங்கள் அல்ல. எல்லையைத் தாண்டாதே, கடனை ஆறு மாதத்துக்குள் கட்டு, தங்கத்தை நிறுத்துக் கொடு என்கிற மாதிரிச் சின்னச் சின்ன விதிகள்.

லியு பாங்குக்கு முன்னால் இருந்த சின் பேரரசு பிரபுத்துவத்தையே ஒழித்துப் பார்த்தது. கி.மு. 221-ல் ஆறு நாடுகளையும் வென்று முடித்ததும், தொலைதூரப் பகுதிகளுக்கு இளவரசர்களை மன்னர்களாக அனுப்பலாம் என்று முதலமைச்சர் வாங் வான் சொன்னார். நீதித்துறைத் தலைவர் லி சு எதிர்த்தார். பழைய ஜோவ் வம்சம் உறவினர்களுக்குத்தான் நாடு கொடுத்தது, அந்த உறவினர்களின் பேரன்கள்தான் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டார்கள் என்பது அவர் வாதம். லி சு ஜெயித்தார். நாடு 36 மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. எங்கும் சம்பள அதிகாரிகள். பதினைந்தே ஆண்டில் சின் சரிந்தது. சரிந்தபோது தலைநகருக்கு உதவ வெளியில் ஓர் உறவினர்கூட இல்லை என்பதை எல்லோரும் பார்த்தார்கள்.

லியு பாங் அதைப் பாடமாக எடுத்துக்கொண்டார் என்று பாடநூல்கள் சொல்லும். அவருக்கு வேறு வழி இருக்கவில்லை என்பதே என் எண்ணம். வெற்றியை அவருக்கு வாங்கிக் கொடுத்த ஹான் சின், பெங் யுவே, யிங் பு போன்ற தளபதிகள் ஆளுக்கொரு நாட்டைக் கேட்டு நின்றார்கள். கொடுத்தார். கொடுத்துவிட்டு, அடுத்த ஏழாண்டில் ஒவ்வொருவராகப் பிடுங்கினார். அந்த இடங்களில் தன் மகன்களையும் தம்பியையும் தம்பி முறையினரையும் உட்கார வைத்தார். தெற்கே சாங்ஷா மட்டும் வேற்றுக் குடும்பத்தின் கையில் விடப்பட்டது. ஒரு வெள்ளைக் குதிரையைப் பலியிட்டு, லியு குடும்பத்தில் பிறக்காத எவனாவது மன்னன் ஆனால் எல்லோரும் சேர்ந்து அவனை அடிக்க வேண்டும் என்று சத்தியம் வாங்கினார்.

அன்றைய மன்னர்கள் உண்மையான மன்னர்கள். சி நாட்டை ஆண்ட மூத்த மகன் லியு ஃபெய்க்கு எழுபதுக்கு மேற்பட்ட நகரங்கள். சி மொழிவழக்கைப் பேசத் தெரிந்த மக்கள் அனைவரும் அவனுக்கே என்று எல்லை வகுக்கப்பட்டது. பேரரசர் நேரடியாக ஆண்டது 15 மாவட்டங்கள். அதற்குள்ளும் இளவரசிகளின் ஊர்களும் பிரபுக்களின் ஊர்களும் செருகிக் கிடந்தன. மன்னர்களின் அரண்மனைகளில் தலைநகர் சாங்ஆனில் இருந்த அதே பதவிகள், அதே பெயர்களில். முதலமைச்சரைப் பேரரசர் நியமிப்பார், மற்ற அதிகாரிகளை மன்னரே வைத்துக்கொள்வார். ஆண்டுக் கணக்குகூட அவரவர் பட்டமேற்ற ஆண்டிலிருந்துதான்.

சொந்த மகன்களின் நாடுகளைத் தலைநகர் எப்படிப் பார்த்தது? 1983-84-ல் ஹூபெய் மாகாணத்தின் ஜாங்ஜியாஷானில் 247-ஆம் எண் கல்லறையைத் தோண்டும் வரை இதைப் பற்றி ஊகம்தான் அதிகம். அந்தச் சிறு கல்லறையில் கிடந்தவர் மன்னரோ பிரபுவோ இல்லை. உடல்நலக் குறைவால் வேலையிலிருந்து விலகியதைத் தன் நாட்குறிப்பில் குறித்துக்கொண்ட ஒரு சாதாரண அலுவலர். வாழ்நாளெல்லாம் புரட்டிய சட்ட ஏடுகளைத் தன்னோடு எடுத்துப் போயிருக்கிறார். கி.மு. 186-ஐச் சேர்ந்தது என்று ஆய்வாளர்கள் கொள்ளும் அந்தத் தொகுப்பு 526 மூங்கில் ஏடுகள். அதன் தொடக்கத்திலேயே வருவது இது: கோட்டையையோ காவல் அரணையோ மன்னர்களிடம் ஒப்படைத்தவன், மன்னர்களின் ஆட்கள் தாக்க வரும்போது நின்று காக்காமல் ஓடியவன், இடுப்பில் வெட்டிக் கொல்லப்படுவான், அவன் பெற்றோர், மனைவி, மக்கள், உடன்பிறந்தார் அனைவருக்கும் வயது பார்க்காமல் மரணம். இதைச் சட்டமாக எழுதிய நாளில் பெரும்பாலான மன்னர்கள் பேரரசர் குடும்பத்து ஆட்கள்! பங்காளியை எதிரி நாட்டானாகவே வைத்து எழுதியிருக்கிறார்கள்.

அதே கல்லறையில் கிடைத்த வழக்குத் தொகுப்பில் ஒரு காதல் கதை இருக்கிறது. கி.மு. 197. சி நாட்டுத் தலைநகர் லின்சியில் லான் என்று ஒரு வழக்கு எழுத்தர். பழைய சி அரச குலமான தியென் குடும்பத்தாரைச் சாங்ஆனுக்குக் குடிபெயர்க்கும்போது வழித்துணையாகப் போகிறார். அந்தக் குடும்பத்தில் நான் என்ற பெண். போன இடத்தில் அவளைக் கல்யாணம் செய்துகொண்டு ஊருக்குத் திரும்பப் பார்க்கிறார். கணவாய்க் காவலைத் தாண்ட அவளுக்குச் சீட்டு இல்லை. தலையில் வெள்ளைப் பட்டுத் தொப்பி வைத்து, நோயாளிபோல் வண்டியில் படுக்க வைத்து, வேறொருவரின் சீட்டைக் காட்டிப் போய்விடலாம் என்று நினைத்தார்கள். காவலைத் தாண்டுவதற்குள் பிடிபட்டார்கள்.

லானின் வாதம் நேர்மையானது: நான் ஆளைக் கவர்ந்து போக வந்தவன் அல்ல, வேலையாக வந்தவன், மனைவியை அழைத்துப் போகிறேன். விசாரித்தவர் விடவில்லை. ஒரு நாட்டான் இன்னொரு நாட்டுப் பெண்ணை மணக்கக் கூடாது என்பதற்காகத்தானே அந்தச் சட்டம். நீ எந்த எண்ணத்தில் வந்திருந்தாலும் ஹான் குடிமகளைச் சி நாட்டுக்குக் கடத்தியதாகத்தான் ஆகும் என்றார். மேலிடம் வரை போய்த் தீர்ப்பு வந்தது. முகத்தில் பச்சை குத்தி, கோட்டைச் சுவர் கட்டும் கடுங்காவல் வேலை. இத்தனைக்கும் சி நாட்டை அப்போது ஆண்டவர் பேரரசரின் மகன்.

ஆட்களைப் போலவே குதிரைகளும் தங்கமும் வெண்கலமும் கணவாய்களைத் தாண்டி மன்னர்களிடம் போகக் கூடாது. அந்தத் தடைச் சட்டத்துக்கு விலக்குக் கேட்ட மனு ஒன்றும் ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. சாங்ஷா நாட்டு முதலமைச்சர் எழுதுகிறார்: எங்கள் பூமி தாழ்வான ஈரப் பூமி, குதிரைக்கு ஒத்துவராது, அஞ்சல் நிலையங்களில் ஒரு வண்டிக்கான நான்கு குதிரைகள்கூட இல்லை, பத்துக் குதிரை வாங்க அனுமதி வேண்டும். ஒரு நாடு முழுவதற்கும் பத்துக் குதிரை. கேட்டவர் பெயரை ஏடு சொல்லவில்லை.

அந்தப் பதவியில் இருந்த ஒருவரை உலகம் இன்று நன்றாக அறியும். லி சாங், தாய் என்ற ஊரின் பிரபு, இறந்தது கி.மு. 186. இவரை அறியாதவர்களும் இவர் மனைவி சின் ஜுயியை அறிவார்கள். 1972-ல் சாங்ஷாவின் மாவாங்துயில் தோண்டி எடுத்தபோது தோல் மெத்தென்று இருந்த அந்த அம்மாள்தான். வயிற்றில் முலாம்பழ விதைகள் நூற்றுக்கு மேல். 49 கிராம் எடையில் ஒரு பட்டு மேலாடை. அரக்குப் பாத்திரங்களில் தாய் பிரபுவின் வீட்டுச் சொத்து என்று எழுதியிருக்கிறது. ஹூனான் அருங்காட்சியகத்தில் இந்தப் பொருள்களைப் பார்க்கிற எவரும் பெரிய சமஸ்தானம் போலும் என்று நினைப்பார்கள். லி சாங்குடைய பட்டத்தின் அளவு 700 குடிகள். அவ்வளவுதான்.

மன்னருக்கு அடுத்த படி இந்தப் பிரபு. சின் காலத்திலிருந்து வந்த இருபது படிநிலைகளில் உச்சிப் படி. எத்தனை குடிகளின் வரி அவனுக்கு என்பதில்தான் அவன் உயரம். ஆண்டுக்குக் குடி ஒன்றுக்கு 200 காசு வரும் என்று சிமா சியென் கணக்குக் கொடுக்கிறார். ஆயிரம் குடிப் பிரபுவுக்கு 2,00,000 காசு. லி சாங்குக்கு 1,40,000. போர்க்காலத்தில் பின்னணியைக் கட்டிக் காத்த சியாவ் ஹே-வுக்கு முதலில் 8,000 குடிகள். ஆலோசகர் ஜாங் லியாங்கிடம் 30,000 குடிகளை எடுத்துக்கொள்ளச் சொன்னபோது வேண்டாம் என்று சிறிய ஊர் ஒன்றை வாங்கிக்கொண்டார். பின்னால் நடந்ததைப் பார்க்கும்போது, அந்தக் கூட்டத்தில் வருங்காலத்தைப் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் போலிருக்கிறது.

பரம்பரை உரிமையும் எல்லாருக்கும் முழுதாகக் கிடைக்கவில்லை. ஜாங்ஜியாஷான் ஏடுகளில் வாரிசுச் சட்டம் தனியாகவே இருக்கிறது. உச்சிப் பிரபுவின் வாரிசு அதே பிரபு. அடுத்த படிக்காரனின் வாரிசும் அதே படி. அதற்குக் கீழே பத்திலிருந்து பதினெட்டு வரையுள்ள படிகளில் அப்பா எதில் நின்றிருந்தாலும், மகன் எட்டாம் படிக்கு இறங்கிவிடுவான். பேரன் இன்னும் கீழே. போரில் தலை வாங்கினால் மறுபடி ஏறலாம். நிலமும் இதே ஏணியில்தான்: பத்தொன்பதாம் படிக்கு 95 சிங், படி இல்லாத குடியானவனுக்கு ஒரு சிங். ஒரு சிங் என்பது நம் கணக்கில் சுமார் 11 ஏக்கர். உயர்குடி என்று சொல்லப்பட்டவர்களில் பெரும்பகுதி, எதுவும் தப்புச் செய்யாமலேயே இரண்டு மூன்று தலைமுறையில் கரைந்துவிடும்படி சட்டம் கட்டப்பட்டிருந்தது.

கரையாமல் வளர்ந்தவர்கள் மன்னர்கள். அவர்களில் பெரிய ஆள் வூ நாட்டின் லியு பி, லியு பாங்கின் அண்ணன் மகன். அவர் எல்லைக்குள் செம்பு மலை இருந்தது, காசு அடித்தார். கடல் இருந்தது, உப்புக் காய்ச்சினார். மக்களிடம் தலைவரி வாங்கவே தேவைப்படவில்லை. அவருடைய மகன் தலைநகருக்குப் போயிருந்தபோது, காய் விளையாட்டில் தகராறு முற்றி, பட்டத்து இளவரசர் பலகையைத் தூக்கி அடித்ததில் செத்துப்போனான். உடலை ஊருக்கு அனுப்பினார்கள். சாங்ஆனில் செத்தவனைச் சாங்ஆனிலேயே புதையுங்கள் என்று லியு பி திருப்பி அனுப்பினார். அதற்குப் பிறகு அவர் அரசவைக்கு வரவே இல்லை. பலகை எறிந்த இளவரசர் ஜிங்தி என்ற பேரரசர் ஆனார். மன்னர்களின் நிலத்தைக் குறைத்தாலும் கிளம்புவார்கள், குறைக்காவிட்டாலும் கிளம்புவார்கள், இப்போதே குறையுங்கள் என்று அமைச்சர் சாவோ சுவோ சொல்லிக்கொடுத்தார்.

கி.மு. 154-ல் ஏழு மன்னர்கள் கிளம்பினார்கள். எனக்கு வயது 62, நானே போகிறேன், என் கடைசி மகனுக்கு 14, அவனும் வருகிறான், இடைப்பட்ட வயதுக்காரர் அனைவரும் வாருங்கள் என்று ஆள் திரட்டினார் லியு பி. இரண்டு லட்சத்துக்கு மேல் சேர்ந்தார்கள். மிரண்டுபோன ஜிங்தி, அவர்களைச் சமாதானம் செய்ய, சாவோ சுவோவை அரசவை உடையிலேயே சந்தைக்குக் கொண்டுபோய் வெட்டச் சொன்னார். படை திரும்பவில்லை. தளபதி ஜோவ் யாஃபு அவர்களின் சோற்று வழியை அறுத்து மூன்று மாதத்தில் முடித்தார்.

அதன் பிறகுதான் சட்டங்களின் காலம் முழுமூச்சாகத் தொடங்குகிறது. கி.மு. 145-ல் ஓர் ஆணை: மன்னர் இனித் தன் நாட்டை ஆளக் கூடாது. நீதித்துறை, தணிக்கை, அரண்மனை நிதி என்று அவர் அவையில் இருந்த பதவிகள் நீக்கப்பட்டன. மிச்சமிருந்த முதலமைச்சரின் பட்டப்பெயரையும் ஒரு எழுத்துக் குறைத்தார்கள். சாங்ஆனிலிருந்து வருபவர் ஆள்வார், மன்னர் வரிப்பணத்தில் சாப்பிடுவார்.

ஆனாலும் நாடுகள் பெரிதாகத்தான் இருந்தன. அதைத் தீர்த்தது கி.மு. 127-ன் அருள் பகிர்வு ஆணை. யோசனை ஜூஃபு யென் என்பவருடையது. வறுமையில் வளர்ந்து, சொந்தக் குடும்பமே கைவிட்டு, நாற்பது ஆண்டுக்கு மேல் படித்து அலைந்த பிறகு தலைநகரில் கவனிக்கப்பட்ட மனிதர். அதுவரை மூத்த வாரிசுக்கே முழு நாடும். மற்ற பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை. இனி மன்னர்கள் விரும்பினால் தங்கள் மற்றப் பிள்ளைகளுக்கும் பிரித்துக் கொடுக்கலாம், பேரரசர் அவர்களுக்குப் பிரபு பட்டம் தருவார் என்றது ஆணை. கட்டாயம் கிடையாது. வேண்டாம் என்று எந்த அப்பனால் பிள்ளைகளிடம் சொல்ல முடியும்? தாத்தா காலத்தில் ஒரே வரப்புக்குள் கிடந்த நஞ்சை, பாகப்பிரிவினை நடந்து நடந்து பேரன் கைக்குச் சென்ட் கணக்கில் வருகிற கதைதான் இது. கூடுதலாக ஒரு கொக்கி: புதிய பிரபுவின் ஊர் மன்னரின் நாட்டை விட்டு வெளியேறி, பேரரசரின் பக்கத்து மாவட்டத்தோடு சேர்ந்துவிடும். மன்னரின் அன்பு கூடக் கூடப் பேரரசரின் வரைபடம் வளரும். சில பத்தாண்டுகளில், பெரிய நாடு என்றாலே பத்துப் பதினைந்து நகரங்கள்தான் என்று ஆகிவிட்டது. ஜூஃபு யென் அதைப் பார்க்கவில்லை. சி நாட்டு மன்னரின் அந்தரங்கத்தைத் தோண்டி அவரைத் தற்கொலைக்குத் தள்ளியதற்காக, மறு ஆண்டே குலத்தோடு அழிக்கப்பட்டார்.

இந்த ஆணைக்கு வாகான ஆள் ஜோங்ஷான் மன்னர் லியு ஷெங். பிள்ளைகளும் வழித்தோன்றல்களுமாக 120 பேருக்கு மேல் என்கிறது வரலாறு. அதிகாரிகள் மன்னர்களை எப்படி உருட்டுகிறார்கள் என்று பேரரசர் முன்னால் கண்ணீர் விட்டுச் சொன்னவரும் இவர்தான். அதன் பின் குடி, இசை, பெண்கள் என்று ஒதுங்கிவிட்டார். மன்னன் என்றால் அதுதான் வேலை என்று அவர் வாதிட்டதாகவும் குறிப்பு உண்டு. 1968-ல் ஹெபெய் மாகாணத்தின் மான்செங்கில் அவர் கல்லறை கிடைத்தது: 2,498 பச்சைக்கல் தகடுகளை ஒரு கிலோவுக்கு மேல் தங்கக் கம்பியால் தைத்த உடுப்புக்குள் அவர். பக்கத்திலிருந்த வெண்கலக் குடுவை ஒன்றில் அதன் கொள்ளளவு, எடை, அதோடு அவருடைய ஆட்சியின் 34-ஆம் ஆண்டில் லுவோயாங் சந்தையில் வாங்கியது என்ற விவரமும் பொறித்திருக்கிறது. மகிமை எதையும் சட்டம் பறிக்கவில்லை. ஆண்டுக் கணக்குகூட அவர் பெயரில்தான் ஓடுகிறது. பாத்திரத்தை மட்டும் வெளியூரில் காசு கொடுத்து வாங்குகிறார்.

கி.மு. 122-ல் ஹுவாய்நான் மன்னரின் சதி வெளிப்பட்ட பிறகு வேலி இன்னும் இறுகியது. மன்னரிடம் வேலை பார்ப்பவர் ‘இடப்பக்க அதிகாரி’. மத்திய அரசுப் பதவிக்கு அவர் கீழானவர். மன்னருக்குச் சொத்துச் சேர்க்க உதவினால் ஒரு குற்றம். மன்னரின் தப்பை மேலே சொல்லாமல் மறைத்தால் இன்னொரு குற்றம். திறமைசாலி எவனும் அந்தப் பக்கம் போகமாட்டான் என்பது கணக்கு.

பிரபுக்கள் பட்டம் இழந்த காரணங்களைப் பட்டியலில் படித்தால் சிரிப்பும் வரும், பயமும் வரும். கடனை ஆறு மாதத்துக்கு மேல் இழுத்தடித்ததற்காகக் கி.மு. 176-ல் ஒருவர் போனார். அனுமதியில்லாமல் தன் எல்லையைத் தாண்டியதற்காகச் சிலர். ஊர் மக்களை அளவுக்கு மேல் வேலை வாங்கியதற்காகச் சிலர். இது நியாயமான சட்டம்தான். அப்பாவின் சாவுச் சடங்கை வரம்பு மீறி நடத்தியதற்காக ஒருவர். பிரபுவின் சமாதி மேடு நான்கு ஜாங், அதாவது ஒன்பது மீட்டருக்குச் சற்று மேல் என்பது விதி. அரசவைக்கு வர ஏற்றதல்லாத தளர்ந்த உடையில் அரண்மனைக்குள் நுழைந்ததற்காகக் கி.மு. 126-ல் இன்னொருவர். லி சாங்கின் வம்சத்தில் நான்காவது பிரபு, மாவட்ட ஆளுநராக இருந்தபோது அனுமதி கேட்காமல் வீரர்களைக் காவலுக்கு அழைத்துக்கொண்டார். தலை போயிருக்க வேண்டும். பொதுமன்னிப்பில் உயிர் பிழைத்தார், தாய் என்ற பட்டம் கி.மு. 110-ல் முடிந்தது.

இவர்களில் என்னை விடாமல் துரத்துகிறவர் ஜோவ் யாஃபு. ஏழு மன்னர்களை அடக்கி வம்சத்தைக் காப்பாற்றிய அதே தளபதி. அவருக்கு வயதானபோது மகன், அப்பாவின் கல்லறையில் வைக்க 500 கவசங்களும் கேடயங்களும் அரசுப் பட்டறையிலிருந்து வாங்கினான். சுமந்த கூலியாட்களுக்குக் காசு கொடுக்காமல் ஏமாற்றினான். அவர்கள் புகார் கொடுத்தார்கள். கலகத்துக்கு ஆயுதம் சேர்க்கிறாயா என்று விசாரணை. அவை சவ அடக்கப் பொருள்கள் என்று அவர் சொன்னார். நிலத்துக்கு மேல் கலகம் செய்யாவிட்டாலும் நிலத்துக்குக் கீழே செய்யப் பார்க்கிறீர் என்று விசாரித்த அதிகாரி பதில் சொன்னார். ஜோவ் யாஃபு ஐந்து நாள் உண்ணாமல் கிடந்து, இரத்தம் கக்கிச் சிறையில் இறந்தார். கி.மு. 143.

கடைசி அடி தங்கத்தில் விழுந்தது. ஆண்டுதோறும் முதல் மாதத்தில் ஊற வைத்து எட்டாம் மாதத்தில் இறக்கும் மதுவை மூதாதையர் கோயிலில் படைப்பார்கள். அந்தப் படையலுக்கு மன்னரும் பிரபுவும் தங்கம் தர வேண்டும்: ஆயிரம் பேருக்கு நான்கு லியாங், நம் கணக்கில் அறுபது கிராமுக்குக் கொஞ்சம் மேல். எடை குறைந்தாலோ நிறம் மங்கினாலோ மன்னருக்கு வட்டம் குறையும், பிரபுவுக்குப் பட்டமே போகும். சட்டம் பழையது; பல காலம் யாரும் உரசிப் பார்க்கவில்லை. கி.மு. 112-ல் தெற்கே நான்யுவே போர். ஆடு மேய்த்து முன்னுக்கு வந்த பு ஷி என்பவர், நானும் என் மகனும் போய்ச் சாகத் தயார் என்று எழுதினார். வூதி பேரரசர் அவரைப் பாராட்டி நாடெங்கும் அறிவித்தார். நூற்றுக்கணக்கான பிரபுக்களில் ஒருவரும் அசையவில்லை. அந்த ஆண்டு படையல் வந்தது. தராசு வந்தது. 106 பிரபுக்கள் ஒரே வீச்சில் பட்டம் இழந்தார்கள். தெரிந்தும் சொல்லவில்லை என்று முதலமைச்சர் ஜாவ் ஜோவ் சிறைக்குப் போய்த் தற்கொலை செய்துகொண்டார். ஒரே ஆண்டில் நூறு பேருடைய தங்கமும் மாற்றுக் குறைந்துவிட்டதா? அன்று மாற்றுக் குறைந்தது தங்கத்தில் இல்லை.

அந்த நூற்றாறில் லியு ஷெங்கின் மகன் லியு ஜென்னும் ஒருவர். பட்டம் போன பின் ஜுவோ வட்டாரத்திலேயே குடும்பம் தங்கிவிட்டது. முன்னூறு ஆண்டு கழித்து அந்த வழியில் வந்ததாகச் சொல்லிக்கொண்ட ஒரு பையன், அப்பா இறந்த வீட்டில் அம்மாவோடு செருப்பு விற்று, பாய் முடைந்து பிழைத்தான். பெயர் லியு பெய். மூன்று நாடுகளின் கதையைப் படித்தவர்களுக்கு அவரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை, கி.பி. 221-ல் செங்டுவில் பேரரசராக முடிசூடினார்.

லியு பாங் பட்டம் கொடுத்த 143 பிரபுக் குடும்பங்களில் நூறாண்டு முடிவில் மிச்சம் ஐந்தே ஐந்து. மஞ்சளாறு இடைக்கச்சை அளவுக்கு மெலிந்தாலும் உங்கள் பட்டம் நிலைக்கும் என்று அவர்களுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தார்கள்.

சட்டம் இவ்வளவு நன்றாக வேலை செய்ததற்கு ஒரு விலை இருந்தது. கி.பி. 9-ல் வெளியாளான வாங் மாங் அரியணையை எடுத்துக்கொண்டபோது, லியு மன்னர்களும் பிரபுக்களும் முந்திக்கொண்டு முத்திரைகளை ஒப்படைத்துத் தலை வணங்கினார்கள். எதிர்க்க அவர்களிடம் ஊரும் இல்லை, ஆளும் இல்லை. கி.பி. 265-ல் வந்த ஜின் வம்சம் இதைப் பார்த்து இளவரசர்களுக்குப் படை கொடுத்தது. எட்டு இளவரசர்கள் கி.பி. 291 முதல் 306 வரை அடித்துக்கொண்டு நாட்டையே கெடுத்தார்கள். மிங் வம்சத்திலும் சிற்றப்பன் அண்ணன் மகனைக் கவிழ்த்து 1402-ல் அரியணை ஏறினான். ஏறியதும் மற்ற இளவரசர்களை நகர வாசல் தாண்டவிடாமல் கட்டிப்போட்டான். 1912-ல் முடியாட்சி போனது. கன்ஃபூஷியஸ் வழிவந்த காங் குடும்பத்தின் கோமகன் பட்டம் மட்டும் 1935 வரை நீண்டு, அதுவும் வழிபாட்டு அலுவலர் என்ற அரசுப் பதவியாக மாற்றப்பட்டது.

இன்று அந்தப் பழைய பிரபுக்கள் வாழ்வது அருங்காட்சியகங்களில். நான்சாங்கில் ஹைஹுன் பிரபு லியு ஹே-யின் கல்லறை 2011-ல், திருடர்கள் துளை போட்டதால் வெளியே வந்தது. வூதியின் பேரன், கி.மு. 74-ல் 27 நாள் பேரரசராக இருந்து, 1,127 தவறுகள் செய்ததாகப் பட்டியலிட்டு இறக்கப்பட்டவர். கி.மு. 63-ல் 4,000 குடிகளோடு ஹைஹுன் பிரபு ஆக்கினார்கள். கூடவே ஒரு நிபந்தனை, மூதாதையர் கோயில் சடங்குகளுக்கு வரக் கூடாது. கல்லறையில் 478 தங்கப் பொருள்கள், இருபது லட்சம் அளவில் காசுகள். தங்க வில்லைகள் சிலவற்றில் மையால் எழுதியிருக்கிறது: ஹைஹுன் பிரபுவாகிய அடியேன் ஹே, அந்த ஆண்டின் மதுப் படையலுக்காக, ஒரு ஜின். குடிக்கு ஐந்து பேர் என்று வைத்தால் அவர் தர வேண்டியது ஐந்து வில்லை. எழுதி, தேதி போட்டு, தயாராக வைத்திருக்கிறார். அதை வாங்கிக்கொள்ளும் வாசல் அவருக்கு அடைபட்டிருந்தது. அந்தத் தங்கம் இன்று சோதித்ததில் 99 சதவீத மாற்று. நான்சாங்கில் 2020-ல் திறந்த அருங்காட்சியகத்தில் கூட்டம் மொய்ப்பது தங்கத்தின் முன்னால். எழுத்தைக் குனிந்து படிப்பவர்கள் குறைவு. அந்த மைதான் அங்கிருப்பதிலேயே விலை உயர்ந்தது என்பேன்.

பிரபுக்களின் கல்லறைகள் பொருளைக் கொடுக்கின்றன, எழுத்தர்களின் கல்லறைகள் சட்டத்தை. ஜிங்ஜோவுக்கு அருகே ஹூஜியாசாவோசாங்கில் 2018-19-ல் தோண்டிய ஒரு கல்லறையில் 4,600-க்கு மேற்பட்ட ஏடுகள், பெரும்பகுதி சட்டம். ஜாங்ஜியாஷானின் 336-ஆம் கல்லறை 1980-களிலேயே திறக்கப்பட்டாலும், ஏடுகள் முழுமையாக அச்சாகி வந்தது 2022-ல்தான். அதில் அரசவை ஒழுங்குச் சட்டம் ஒன்று இருக்கிறது. அவை கூடும்போது மன்னர்கள் எந்தப் பக்கம் நிற்பது, பிரபுக்கள் எங்கே, யார் எப்போது முன்னே வந்து வணங்குவது என்று அது வரிசைப்படுத்துகிறது. ஏடுகளின் ஒழுங்கையும் உடைந்த சொற்களையும் வைத்து, யார் எங்கே நின்றார்கள் என்று ஆய்வாளர்கள் இப்போது படம் போட்டு வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.